வராமல் போனவர்களின் வாசலில்



இந்த ஞாயிறு நாம் கேட்ட நற்செய்தி, லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் உவமை. நம்மில் பெரும்பாலோருக்கு அது மனப்பாடம். இளையவன் பன்றி மேய்த்ததும், எழுந்து புறப்பட்டதும், தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும் மறைக்கல்வி வகுப்பிலேயே நமக்குப் பழகிப்போனவை. ஆகவே இன்று அந்த உவமையின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு சிறு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வயலிலிருந்து திரும்பிய மூத்தவன் தந்தையிடம் முறையிடுகிறான். அப்போது தன் தம்பியைத் தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தந்தையின் மகன் என்றே குறிப்பிடுகிறான். தந்தையோ பதில் சொல்லும்போது, அறுத்துப்போட்ட அந்த உறவை மறுபடி எடுத்து, அவன் உன் தம்பி என்று நினைவூட்டுகிறார்.

நம் ஜவ்வாது மலைப் பங்குகளிலும் இந்த மூத்தவனின் பேச்சு கேட்கிறது. அன்பியக் கூட்டங்களில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால், "அவங்க இப்ப வர்றதில்ல சாமி" என்கிறோம். "அவங்க கோவிலை விட்டுட்டாங்க", "அவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க" என்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புரட்டும்போது சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் "வருவதில்லை" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். ஏன் வருவதில்லை என்று அங்கே எழுதப்படவில்லை. கேட்டிருந்தால்தானே எழுத முடியும்?

மலையில் எங்களோடு பணிசெய்கிற உபதேசியார்களும் அருள்சகோதரிகளும் நாங்களும் கடந்த சில காலமாக இந்தப் பென்சில் பெயர்களைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடவுள் இல்லை என்று சொல்லி விலகினவர் ஒருவரையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. நன்றாக யோசித்து, விசுவாசத்தை எடைபோட்டுப் பார்த்து, வேண்டாம் என்று வைத்தவர்களும் மிகக் குறைவு. பெரும்பாலோர் மெல்ல நழுவிப்போனவர்கள்.

நழுவுவதற்கு மலையில் காரணம் தேட வேண்டியதில்லை. சாமையும் கொள்ளும் வீட்டுக்கு வந்த பிறகு மலையில் வேலை இல்லை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அங்கே ஞாயிறும் வேலை நாள். பக்கத்தில் கோவில் இருந்தாலும் மொழி புரியாது, யாரையும் தெரியாது. முதல் ஆண்டு மனசு குத்தும். இரண்டாம் ஆண்டு பழகிப்போகும். மூன்றாம் ஆண்டு ஊருக்குத் திரும்பும்போது, "இத்தனை நாள் போகல, இப்ப எந்த முகத்தோட போறது?" என்கிற கூச்சம் வந்துவிடும். இங்கே இருப்பவர்களுக்கும் வசதி ஒன்றும் பெரிதாக இல்லை. பல கிளைக் கிராமங்களில் மாதம் ஒருமுறைதான் திருப்பலி. மழை பெய்து பாதை கெட்டுவிட்டால் அதுவும் இல்லை.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதியை இந்த மலை மறக்காது. சேஷாசலம் காட்டில் மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த கூலி வேலைக்காரர்கள். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அது. பிழைப்பு நம் மக்களை எவ்வளவு தூரம், எவ்வளவு ஆபத்தான இடம் வரை இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகும், "ஏன் ஞாயிறு பூசைக்கு வரல?" என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் எந்தக் கேள்வியோடு போவது? இதற்கு நம் மொழி பேசும் மண்ணிலேயே ஒரு புனிதர் வழி காட்டியிருக்கிறார். இலங்கையின் திருத்தூதர் என்று அழைக்கப்படும் புனித யோசேப் வாஸ்.

அவர் கோவாவைச் சேர்ந்தவர். 1651ஆம் ஆண்டு பிறந்தார், 1676இல் குருவானார். அந்தக் காலத்தில் இலங்கையின் கரையோரங்களைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்திருந்தார்கள். யாழ்ப்பாணம் 1658இல் அவர்கள் கைக்கு வந்தது. டச்சுக்காரர்கள் கால்வின் சபையினர். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே குற்றமாயிற்று. கத்தோலிக்க ஆலயங்கள் அவர்களுடைய ஆலயங்களும் பள்ளிகளும் ஆயின. பிள்ளைக்குத் திருமுழுக்கும் திருமணப் பதிவும் அங்கேதான் நடக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் முன் சிக்கல். ஏட்டில் பார்த்தால் ஊர் ஊராக எல்லாரும் சபை மாறிவிட்டார்கள். குருவைக் கண்ணால் காணாமலே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் போயின. செபமாலை சொல்லத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக இறந்துபோனால் ஒரு விசுவாசம் அழிந்துபோக அந்தக் காலமே போதும்.

1687இல் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து படகேறினார். கூட வந்தவர் யோவான் என்ற பணியாளர் ஒருவர்தான். கூலிக்காரரைப் போல உடுத்திக்கொண்டு, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு. வீதியில் கிடந்தவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர் அந்த ஊர்ப் பெண் ஒருவர். மக்களுக்கு உதவி செய்ய வந்தவர் முதலில் அவர்களிடம் உதவி வாங்கியிருக்கிறார் என்பது எங்களுக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி.

எழுந்து நடக்க முடிந்ததும் அவருக்கு ஒரு சிக்கல். யார் கத்தோலிக்கர், யார் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளிப்படையாகக் கேட்டால் இவரும் மாட்டிக்கொள்வார், பதில் சொல்பவரும் மாட்டிக்கொள்வார். அவர் செய்தது இவ்வளவுதான். ஒரு செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைப் பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்தார். சிலர் எரிச்சலோடு விரட்டினார்கள். சிலர் ஒன்றும் தோன்றாமல் அரிசி போட்டார்கள். எங்கோ ஒரு வாசலில், மாலையின் மேல் ஒரு கண் ஒரு நொடி கூடுதலாகத் தங்கியது. மறுநாளும் அதே வாசலுக்குப் போனார். மெல்லப் பேச்சுக் கொடுத்தார். நம்பிக்கை பிறந்த பிறகுதான், தாம் ஒரு குரு என்று சொன்னார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டச்சு ஏட்டை மட்டும் பார்த்து, இந்த ஊரில் நம்மவர் யாரும் இல்லை என்று அவர் தீர்மானித்திருந்தால் இலங்கைத் திருச்சபையின் வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும். ஏட்டில் இல்லாதவர்களிடம் ஏதோ மிச்சம் இருக்கும் என்று நம்பினார். நம் பதிவேட்டில் பென்சில் குறிப்பு எழுதிய பிறகு நாம் விடுகிற இடத்திலிருந்துதான் அவர் தொடங்கினார்.

பிறகு சில்லாலை என்ற ஊரை மையமாகக் கொண்டு, பகலில் மறைந்தும் இரவில் திருப்பலி நிறைவேற்றியும் பணிசெய்தார். மக்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருமணங்களை ஒழுங்குபடுத்தினார். தமிழ் கற்றுக்கொண்டு தமிழிலேயே போதித்தார். டச்சுக்காரர்களின் தேடுதல் கடுமையானபோது புத்தளம் பக்கம் போனார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலும் பணி நிற்கவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்த உறவினரே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அவர்களைத் தேடிப் போய்க் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தவர் அவர். 1711 சனவரி 16ஆம் தேதி கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

தாம் ஒருவரால் எல்லா ஊருக்கும் போக முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரையே பொறுப்பில் வைத்தார். குரு வராத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும், நோயுற்றவரைப் பார்ப்பதும் அவர்கள் வேலை. நம் உபதேசியார்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் யாருடைய வரிசையில் வருகிறார்கள் என்று இதிலிருந்து தெரியும்.

இனி, தேடிப் போகிறோம், அவர்களும் வர விரும்புகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வருவதற்கு வழி என்ன? இங்கேதான் எங்களுக்குப் பெரிய வியப்பு. திருச்சபை கேட்பது கொஞ்சம். நம் மக்கள் கேட்கப்படும் என்று பயந்துகொண்டிருப்பது மலை அளவு. "மறுபடி ஞானஸ்நானம் வாங்கணுமா சாமி?" என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். திருமுழுக்கு ஒருமுறைதான். பத்து ஆண்டு, முப்பது ஆண்டு வராமல் இருந்தாலும், இடையில் வேறு எங்கே போயிருந்தாலும் அது அழிவதில்லை. "எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேப்பீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை. சும்மா நழுவிப்போன ஒருவருக்கு வேண்டியது ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், அவ்வளவுதான். அதில் சொல்வது குருவுக்கும் கடவுளுக்கும் அப்பால் போகாது. ஒரு குரு அதை வெளியிட்டால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை அவர் மேல் விழும். செபம் மறந்துபோயிற்றே என்பது ஒரு தடையே இல்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் குரு கூடவே சொல்லித் தருவார். சொந்தப் பங்குக் குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவிடமும் போகலாம். தவக்காலத்தில் நம் பங்குகளுக்கு வெளியூர்க் குருக்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருமணம்தான் பலருக்கு முட்டுக்கட்டை. வேலைக்குப் போன இடத்தில் மனம் பிடித்துப்போய், வேறு கோவிலிலோ பதிவு அலுவலகத்திலோ தாலி கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். கோவிலில் கட்டவில்லை, ஆகவே நமக்குக் கோவிலும் இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. இருவரும் வேறு யாரோடும் திருமண பந்தத்தில் இல்லாதவர்களாக இருந்தால், அந்த மணவாழ்வைத் திருச்சபை முறைப்படி செல்லுபடியாக்க வழி உண்டு. கணவரோ மனைவியோ கிறிஸ்தவர் அல்ல என்றால் ஆயரின் அனுமதி வாங்கி அவர்கள் மணவாழ்வை ஒழுங்குபடுத்தலாம். அவர் மதம் மாறத் தேவையில்லை. கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் முடிந்ததைச் செய்வதாகவும் உறுதி தர வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "அவரு கோவில் வாசப்படி மிதிக்க மாட்டாரு சாமி" என்று ஒரு சகோதரி சொன்னார். அதற்கும் திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருவரின் மணச்சம்மதமும் உண்மையாக நிலைத்திருக்கிறது என்றால், மறுபடி சம்மதம் சொல்ல வைக்காமலே அந்தத் திருமணத்தை ஆயர் செல்லுபடியாக்க முடியும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1161ஆம் எண் முதல் இதைப் பற்றிப் பேசுகிறது. இந்தச் சகோதரிக்கு இத்தனை ஆண்டுகளாக இதை யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பந்தல், பாட்டு, மோதிரம் எல்லாம் மறுபடி வேண்டியிருக்கும், ஊர் சிரிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் துணை உயிரோடு இருக்க, இரண்டாவதாகக் குடும்பம் அமைத்துக்கொண்டவர்களின் நிலை இவ்வளவு எளிதல்ல. அதை எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் அவர்கள் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்லர். திருப்பலிக்கு வரலாம், வர வேண்டும். பிள்ளைகளைத் திருமுழுக்குக்குக் கொண்டுவரலாம், அன்பியத்தில் செபிக்கலாம். முதல் திருமணம் உண்மையிலேயே செல்லுமா என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் விசாரிக்கக் கேட்கலாம். மயக்கியோ மிரட்டியோ சின்ன வயதில் கட்டிவைத்த திருமணங்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. இந்த விசாரணையைச் சுருக்கி, ஏழைகளுக்கும் எட்டும்படி ஆக்கவே திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விதிகளைத் திருத்தினார். "கோர்ட்டு" என்றதும் வக்கீலும் செலவும் நினைவுக்கு வந்து ஓட வேண்டாம். முதலில் பங்குக்குருவிடம் வந்து உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொரு தடை நாம் போட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கோவில் வரி. திருவிழா வரி பாக்கி, கல்லறைக்குக் காசு பாக்கி என்று சொல்லி, சாவு வீட்டில் கணக்கு நோட்டை விரிக்கிற பழக்கம் தமிழ்நாட்டின் பல பங்குகளில் இருந்திருக்கிறது. வரி கொடுப்பது கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் வரி பாக்கிக்காகவோ, ஞாயிறு வரவில்லை என்பதற்காகவோ ஒருவரின் அடக்கத் திருப்பலியை மறுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமே இல்லை. விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. அதிலும் சாகும் முன் மனம் திரும்பிய அடையாளம் கொஞ்சம் தெரிந்தாலும் போதும். ஒரு சாவு வீட்டில் நாம் பேசிய ஒரு வார்த்தைக்காக மூன்று தலைமுறை கோவிலுக்கு வராமல் போகும். பத்துப் பிரசங்கத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவர் என்று தெரிந்தால் சாதிச் சான்றிதழ் போய்விடும் என்ற பயத்தில் சிலர் கோவிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். நம் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். அந்தப் பட்டியல் ஆணையில் மதத்தைப் பற்றிய நிபந்தனை கிடையாது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடிவாரத்தில் உள்ள தலித் மக்களின் நிலை வேறு. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத்தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமை இல்லை. அந்த நாளை இந்தியத் திருச்சபை கறுப்பு தினமாக நினைவுகூர்ந்து நீதி கேட்டுவருகிறது. பிள்ளையின் படிப்பா, விசுவாசமா என்ற நெருக்கடியில் நிறுத்தப்பட்டவர்களை எங்களால் எளிதில் குறைசொல்ல முடியவில்லை. கி.பி. 250இல் உரோமைப் பேரரசர் தேசியுஸ் காலத்திலும் சான்றிதழ்ச் சிக்கல் ஒன்று வந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் நினைவுக்கு வருகிறது. தேவர்களுக்குப் பலியிட்டதாக ஒரு சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். கலகம் ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் உரோமையில் நொவாசியன் என்ற குரு. திருத்தந்தை கொர்னேலியுசும் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானும், தவம் செய்தால் சேர்க்கலாம் என்றார்கள். சீட்டு மட்டும் வாங்கியவரையும் பலியிட்டவரையும் ஒன்றாக நடத்தவும் இல்லை. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகக் கேட்டார்கள். 325ஆம் ஆண்டு நிசேயாப் பொதுச்சங்கம், சாகும் தறுவாயில் இருக்கும் எவருக்கும் கடைசி நற்கருணையை மறுக்கக் கூடாது என்று விதி செய்தது. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் பக்கத்திலேயே இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. ஆகவே, திரும்ப வருபவரை இரக்கத்தோடு சேர்த்துக்கொள்வது விசுவாசத்தை மலிவாக்குவதாகும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வேறு சபைகளுக்குப் போனவர்களைப் பற்றி நாம் பேசும் தொனியும் மாற வேண்டும். அரிசிக்குப் போனார்கள், காசுக்குப் போனார்கள் என்கிறோம். புதூர்நாட்டுப் பக்கமும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் நாங்கள் கேட்டவரையில் பெரும்பாலான வீடுகளில் காரணம் வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் யாரோ ஒருவர் டார்ச் விளக்கோடு காட்டுப்பாதையில் நடந்து வந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபித்திருக்கிறார். அந்த இரவில் நாம் வரவில்லை. அவர்களைப் பார்க்கப் போகும்போது அந்தச் சபையைப் பழித்துப் பேசாதீர்கள். பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள்.

ஊர் சாமி கும்பிடப் போய்விட்டார்கள் என்பதும் அப்படித்தான். மலையில் ஊர் என்பது உறவு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டுப் பணம் கொடுக்காவிட்டால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் வராது என்ற பயம் பொய்யான பயம் அல்ல. பலியிலும் வழிபாட்டிலும் நாம் பங்கெடுக்க முடியாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊரோடு உள்ள எல்லாக் கயிற்றையும் அறுத்துக்கொண்டு வா என்று சொல்வதானால், அறுந்து வந்தவரைத் தாங்க நம் அன்பியம் தயாராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். சாவு விழுந்த இரவில் நாம் பத்துப் பேர் போய் நிற்போமா? நின்றிருக்கிறோமா?

இந்தக் கடைசிக் கேள்வி எங்களைக் குத்துகிற கேள்வி. ஏன் என்று சொல்லி முடிக்கிறோம்.

எங்கள் பட்டியலில் பென்சில் குறிப்போடு இருந்த ஒருவர், ஓடையைத் தாண்டி உள்ளே உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கேரளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குடிப்பார், முரடர், சாமியாரைக் கண்டால் ஏசுவார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். போன வருடம் மழைக்கு முன் உபதேசியாரோடு அங்கே போனோம். கயிற்றுக் கட்டிலை எடுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். ஏசவில்லை. பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். கோவிலைப் பற்றி நாங்கள் பேச்சே எடுக்கவில்லை. புளி என்ன விலைக்குப் போயிற்று, யானை இந்தப் பக்கம் வந்ததா என்று பேசிக்கொண்டிருந்தோம். எழும்போது அவரே சொன்னார்: "எங்கம்மா செத்தப்போ ஆள் அனுப்பினேன் சாமி. ரெண்டு நாள் வச்சிருந்தோம். யாரும் வரல. நாங்களே மண்ணு தள்ளிட்டோம்."

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாளில் பங்கில் இருந்தவர்கள் நாங்கள் அல்ல. மழை, பாதை, செய்தி வந்து சேரவில்லை என்று சொல்ல எங்களுக்கு ஆயிரம் காரணம் கிடைத்திருக்கும். ஒன்றையும் சொல்லவில்லை. "தப்புதான், எங்களை மன்னிச்சுக்கோங்க" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. ஓடை வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அதன் பிறகு உபதேசியார் மூன்று முறை போயிருக்கிறார். ஒருமுறை காய்ச்சலாகக் கிடந்தவரை ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்டோபர் கடைசியில் அந்த வீட்டுப் பையன் ஒருவன் ஒரு கேள்வியோடு எங்களிடம் வந்தான். கல்லறைத் திருநாளுக்குச் சாமி பாட்டி குழியை மந்திரிக்க வருவாரா என்று அப்பா கேட்கச் சொன்னாராம்.

நவம்பர் 2ஆம் தேதி காலைத் திருப்பலி முடிந்ததும் நடந்தோம். ஓடையில் முழங்கால் வரை தண்ணீர். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். கல்லறை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, கொள்ளுக் காட்டின் ஓரத்தில் ஒரு மண்மேடு. முந்தின நாளே புல்லைச் செதுக்கி, செம்மண் குழைத்துப் பூசி, சாமந்திப் பூ வைத்திருந்தார். இரண்டு குச்சிகளைக் கட்டி ஒரு சிலுவையும் நட்டிருந்தார். தீர்த்தம் தெளித்து, இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினோம். கர்த்தர் கற்பித்த செபத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து அவர் குரலும் கேட்டது. இரண்டு இடத்தில் தடுமாறினார். பையன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவர் இன்னும் திருப்பலிக்கு வரவில்லை. இந்தப் பாஸ்காவுக்கு வருவாரா என்று தெரியாது. பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பென்சில் குறிப்பை அழித்துவிட்டோம். அவருடைய அம்மா பெயரையும், இறந்த வருடத்தையும் அவரிடமே கேட்டு மையால் எழுதியிருக்கிறோம்.